உரிமத்தின் மேல் பழிபோடாதீர்கள்: கட்டற்ற மென்பொருள் களஞ்சியப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களைச் சேர்த்துத் தரும் களஞ்சியத்துக்குள் எது வரலாம், எது வெளியே போக வேண்டும் என்று முடிவெடுக்கும் உங்களுக்கு வணக்கம்.

சர்ச்சைக்குரிய விளையாட்டு ஒன்று உங்கள் வரிசையில் வந்து நின்றால் அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். "உரிமம் சரியாக இருக்கிறது, மறுக்க வழியில்லை" என்பார் ஒருவர். "இதையும் நம் பெயரில் வெளியிட வேண்டுமா?" என்பார் இன்னொருவர். சில நாள் காரசாரமாகப் போகும். பிறகு யாரோ ஒருவர் உரிமக் கோப்பில் ஒரு படத்துக்கு ஆண்டு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடிப்பார். அதைக் காட்டி பேக்கேஜ் (நிறுவுவதற்கு ஏற்பக் கட்டித் தந்த மென்பொருள்) கிடப்பில் போடப்படும். எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். அனுப்பியவர் மட்டும், அதுதான் காரணம் என்று நம்பி, அந்த ஆண்டைச் சேர்த்து மறுபடி அனுப்பிக்கொண்டிருப்பார்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். உள்ளடக்கத்துக்காக மறுக்கிறீர்கள் என்றால் உள்ளடக்கத்துக்காக மறுத்ததாகவே எழுதுங்கள். எந்தக் கோப்பு, எந்தக் காட்சி, எந்த விதி என்று சொல்லுங்கள். மறுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று நாங்கள் வாதாட வரவில்லை. தாராளமாக இருக்கிறது. அதற்கு உரிமத்தைக் கேடயமாகப் பிடிக்கத் தேவையில்லை.

லினக்ஸ் வழங்கலான டெபியனின் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டு நெறிகள் (சுருக்கமாக டிஎஃப்எஸ்ஜி) 1997இல் வந்தவை. 5ஆம் விதி ஆட்களையோ குழுக்களையோ பாகுபடுத்தக் கூடாது என்கிறது. 6ஆம் விதி எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் தடுக்கக் கூடாது என்கிறது. சர்ச்சை வரும்போதெல்லாம் இரண்டு தரப்பும் இந்த இரண்டு விதிகளைத்தான் தூக்கிக்கொண்டு வருகின்றன. "இது ஓர் இனத்தை இழிவுபடுத்துகிறது, 5ஆம் விதிப்படி செல்லாது" என்கிறது ஒரு தரப்பு. "மறுத்தால் 6ஆம் விதியை மீறுகிறோம்" என்கிறது மறுதரப்பு. இரண்டுமே தவறான வாசிப்பு. அந்த விதிகள் உரிமத்தின் வாசகத்தைத்தான் கட்டுப்படுத்துகின்றன. விளையாட்டின் கதையை அவை பார்ப்பதில்லை. களஞ்சியம் எதைச் சுமந்தே தீர வேண்டும் என்றும் சொல்வதில்லை. பராமரிக்க ஆளில்லை, இதே வேலையைச் செய்யும் நான்கு பேக்கேஜ்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்றெல்லாம் தினம் தினம் மறுக்கிறீர்களே, அப்போது யாருடைய சுதந்திரமும் பறிபோவதில்லை. மூலநிரல் எழுதியவரிடம் இருக்கிறது. வேண்டியவர் எடுத்துத் தொகுத்துக்கொள்ளலாம்.

உரிமத்தால் யாரையும் தடுத்துவிடவும் முடியாது. 2002இல் அமெரிக்காவின் வெள்ளை இனவெறி அமைப்பு ஒன்று வெளியிட்ட சுடும் விளையாட்டு, மூலநிரல் திறந்துவிடப்பட்டிருந்த ஜெனிசிஸ்3டி என்ற எஞ்சினில் (விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரல்) கட்டப்பட்டது. எஞ்சினை எழுதியவர்கள் அதற்கு எதுவும் செய்திருக்க முடியாது. ஆனால் அந்த மாதிரி ஒன்றைக் களஞ்சியம் சுமக்குமா என்ற கேள்விக்கு எஞ்சினின் உரிமத்தில் பதில் தேடுவது, சமையல் சரியில்லை என்பதற்கு அடுப்பைத் திட்டுவது போல.

இந்தக் குழப்பம் பதிப்பு எண் வரைக்கும் போய்விட்டது. டெபியனில் மூலத் தொகுப்பிலிருந்து கட்டற்றதல்லாத கோப்புகளை நீக்கி மறுபடி கட்டினால் பதிப்பு எண்ணோடு 'டிஎஃப்எஸ்ஜி' என்ற பின்னொட்டைச் சேர்ப்பது வழக்கம். வேறு காரணங்களுக்காகக் கோப்புகளை நீக்கினால் 'டிஎஸ்' என்ற பின்னொட்டு இருக்கிறது. ஆபாசமான படம் என்பதற்காக ஒன்றை நீக்கிவிட்டு 'டிஎஃப்எஸ்ஜி' என்று ஒட்டினால், அந்தப் படத்தின் உரிமம் கெட்டது என்று உலகத்துக்கே அறிவித்ததாகிறது. அடுத்த பராமரிப்பாளர் அதை நம்பிப் படம் வரைந்தவரிடம் உரிமத்தை மாற்றச் சொல்லிக் கேட்பார். அவரோ, "என் படம் ஏற்கெனவே ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில்தானே இருக்கிறது" என்பார். காப்புரிமைக் கோப்பிலேயே நீக்கிய கோப்புகளைப் பட்டியலிட ஒரு புலம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு வரி, "உள்ளடக்கக் காரணத்துக்காக நீக்கப்பட்டது" என்று எழுதினால் போதும். பத்து விநாடி வேலை.

முன்கூட்டியே எழுதி வைத்தவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு லினக்ஸ் வழங்கலான ஃபெடோராவின் விதிகள் நிரலையும் உள்ளடக்கத்தையும் தனித்தனியாகப் பிரிக்கின்றன. பாலியல் படங்கள், நிர்வாணம் கூடாது. உள்ளடக்கம் புண்படுத்துவதாகவோ பாகுபடுத்துவதாகவோ இருக்கக் கூடாது. சமய நூல்களும் காமிக்ஸ் படக்கோப்புகளும் கூடப் பேக்கேஜாக ஏற்கப்படா. பிடிக்கிறதோ இல்லையோ, ஒருவர் உழைப்பைக் கொட்டுவதற்கு முன்பே படித்துத் தெரிந்துகொள்ளலாம். அதில் எங்களுக்கு ஒப்புதல் இல்லாத இடம் ஒன்று உண்டு: சந்தேகமாக இருந்தால் அது கூடாத ரகம்தான் என்று வைத்துக்கொள்ளச் சொல்லும் வரி. பரிசீலிப்பவரின் சங்கடத்தையே தீர்ப்பாக்கிவிடுகிறது அது. சங்கடம் நல்ல எச்சரிக்கை மணி. மணி அடித்ததும் போய்ப் பார்க்க வேண்டாமா?

போய்ப் பார்ப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் பெரும்பாலான சண்டைகள் விளையாட்டைத் திறந்தே பார்க்காதவர்களிடையே நடக்கின்றன.

முதலில் இயக்காமல் பிரித்துப் பாருங்கள். 'குவேக்' என்ற சுடும் விளையாட்டின் வழிவந்தவை தங்கள் தரவை வைத்திருக்கும் பிகே3 கோப்பு என்பது பெயர் மாற்றிய ஜிப் கோப்புதான். எந்தக் கருவியாலும் திறக்கலாம். படங்கள், ஒலிகள், நிலைகளின் ஸ்கிரிப்ட்டுகள் தனித்தனி அடைவுகளில் இருக்கும். உரையாடலைப் படிக்கக் குறுக்குவழி மொழிபெயர்ப்பு வார்ப்புருக் கோப்பு. விளையாட்டில் வரும் சொற்றொடர்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வரிசையாகக் கிடக்கும், அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் அதை முழுதாக நம்பிவிடாதீர்கள். சுவரொட்டிப் படத்துக்குள் வரைந்த எழுத்தும், ஸ்கிரிப்ட்டுக்குள் நேரடியாக எழுதிய வசனமும், குரல்பதிவாக வரும் வசவும் அதில் இராது. இன்னொன்றையும் அடிக்கடி கவனிக்கத் தவறுகிறோம்: மூலமொழியில் சாதுவாக இருக்கும் வரி ஒரு மொழிபெயர்ப்பில் சாதிப் பெயராகவோ இன வசையாகவோ மாறியிருக்கலாம். விளையாட்டை எழுதியவருக்கே அது தெரியாமலிருக்கும். அந்த மொழி தெரிந்தவர் ஒருவர் பார்க்காமல் அந்த மொழிக் கோப்பைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள்.

பிறகு வலையிணைப்பைத் துண்டித்துவிட்டு இயக்குங்கள், அதன்பின் இணைத்து இயக்குங்கள். இரண்டிலும் ஒரே உள்ளடக்கம்தானா? பல விளையாட்டுகள் கூடுதல் வரைபடங்களையும் தொகுப்புகளையும் ஓடும்போதுதான் இறக்குகின்றன. பேட்டில் ஃபார் வெஸ்னாத்துக்குத் தனி ஆட்-ஆன் சர்வர் இருக்கிறது. முன்பு மைன்டெஸ்ட் என்றிருந்து 2024இல் லுவான்டி என்று பெயர் மாறிய எஞ்சினுக்கு உள்ளடக்கம் எல்லாமே அநேகமாக வெளியிலிருந்துதான் வருகிறது. வரும் புகார்களில் பாதி, பேக்கேஜில் இல்லாத ஒன்றைப் பற்றியதாக இருக்கும். அங்கே எரிகிற தீயை இங்கே அணைக்க முடியாது. பேக்கேஜில் உங்களால் செய்யக்கூடியது, இறக்கும் வசதியும் பொது அரட்டையும் முதல் இயக்கத்திலேயே தாமாகத் திறந்துகொள்ளாமல் இருக்கிறதா என்று பார்ப்பது.

இனிச் சில விளையாட்டுகளை எடுத்துக்கொள்வோம். டோப்வார்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. 1984இல் வந்த ட்ரக் வார்ஸின் வழிவந்தது. நியூயார்க்கின் பகுதிகளுக்கு இடையே போதைப்பொருளை மலிவாக வாங்கி விலை ஏறிய இடத்தில் விற்க வேண்டும். கந்துவட்டிக்காரரின் கடனை அடைக்க வேண்டும். 31 நாள் ஆட்டம். திரையில் பெரும்பாலும் எண்களும் பெயர்களும்தான். தலைப்பைக் கேட்டதும் 'நீக்கு' என்பவர்கள் அதிகம். கொஞ்சம் திறந்து பார்த்தால் விவகாரம் இரண்டாகப் பிரிகிறது. வியாபாரம் என்ற கருப்பொருள் ஒன்று. சரக்குச் சுமக்கும் கூலி ஆட்களுக்கு விளையாட்டு வைத்திருக்கும் பெயர் இன்னொன்று. அது பெண்களை இழிவுபடுத்தும் வசைச்சொல். எங்கள் கணிப்பில் முதலாவது பங்குச்சந்தைக் கணக்கு, வேடம் மட்டும் வேறு. அதற்காக நீக்கத் தேவையில்லை. இரண்டாவது வெறும் கரடுமுரடு, விளையாட்டுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. நல்ல செய்தி என்னவென்றால், அந்தப் பெயரை அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் மாற்றலாம். ஆட்களின் பெயர், துப்பாக்கியின் பெயர், சரக்குகளின் பெயர் எல்லாமே அப்படித்தான். போதைப்பொருளைக் குறிப்பிடும் தற்செயல் நிகழ்வுகளை மொத்தமாக அணைக்க ஒரு தனி விருப்பமும் உண்டு. அதை மட்டும் இயக்கிவிட்டுச் சரக்குகளின் பெயரை மாற்ற மறந்தால் பாதி சுத்தமான ஒரு விசித்திரம் கிடைக்கும் என்பது வேறு. ஆக, களஞ்சியம் தன் அமைப்புக் கோப்பில் வேறு சொல்லை வைத்து வெளியிடலாம். மூலநிரலைத் தொட வேண்டாம், ஒட்டுப் போட்டுப் பராமரிக்க வேண்டாம், பழையது வேண்டுபவர் ஒரு வரியை அழித்துக்கொள்ளலாம்.

ஓப்பன்அரீனா வேறு வகைச் சிக்கல். குவேக் 3 எஞ்சினின் மூலநிரல் 2005 ஆகஸ்டில் ஜிபிஎல்லில் வெளியான பிறகு, கட்டற்ற படங்களோடு கட்டப்பட்ட விளையாட்டு. அதன் பாத்திரங்கள் சிலரின் உடை பற்றி நீண்டகாலமாகவே முணுமுணுப்பு உண்டு. "அந்த இரண்டு படங்களை மட்டும் எடுத்துவிட்டால் போதுமே" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. செய்து பாருங்கள். பிகே3 கோப்பில் ஒரு படத்தை நீக்கியதும் அதன் சரிபார்ப்புத் தொகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) மாறிவிடும். இந்த எஞ்சின் சர்வர்கள் 'ப்யூர்' முறையில்தான் இயல்பாக ஓடுகின்றன: தன்னிடம் உள்ள அதே பிகே3 கோப்புகளைத்தான் ஆட வருபவரும் வைத்திருக்க வேண்டும் என்று சர்வர் கேட்கும். உங்கள் பேக்கேஜை நிறுவியவர் உள்ளே நுழைந்ததும் 'தூய்மையற்ற கிளையண்ட்' என்ற செய்தியோடு வெளியே தள்ளப்படுவார். அவர் உங்கள் நீக்கத்தை அறியார். வழு (நிரல் பிழை) என்று புகார் எழுதுவார். ஒன்றிரண்டு படத்துக்காக முழு இணைய ஆட்டத்தையும் உடைத்ததாகிவிடும். கோப்பைத் தொடாமலே செய்யக்கூடியது வேறு இருக்கிறது. மற்ற ஆட்டக்காரர்கள் எல்லோரையும் நீங்கள் தேர்ந்த ஒரே பாத்திர வடிவில் காட்டும் அமைப்பு ஒன்று குவேக் 3 காலத்திலிருந்தே உண்டு. தொடங்கும் ஸ்கிரிப்ட்டில் அதை இயக்கி, இயல்புப் பாத்திரத்தைக் கவச வீரனாக வைத்தால் அந்த உடைகள் ஆட்டத்தின் நடுவே கண்ணில் படாது. போட்டிக்காக ஆடுபவர்கள் பலர் இதை வேறு காரணத்துக்காகவே பயன்படுத்துகிறார்கள், எதிராளி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று.

ஃப்ரீகால் இன்னும் சுவையான வழக்கு. 1994இல் வந்த காலனைசேஷன் விளையாட்டின் கட்டற்ற மறு ஆக்கம். புதிய கண்டத்தில் குடியேறி, பூர்வகுடிகளோடு வணிகமும் செய்யலாம், கப்பமும் கேட்கலாம், தாக்கவும் செய்யலாம். ரத்தம் தெரியாது, கெட்ட வார்த்தை இல்லை. அதன் மீது வரும் கடுமையான குறை, அது காட்டுவதைப் பற்றியதல்ல, விட்டுவிட்டதைப் பற்றியது. அந்தக் காலத் தோட்டப் பயிர்களைப் பற்றிய விளையாட்டில் ஆப்பிரிக்க அடிமை வணிகம் இல்லை. எந்த வயது முத்திரையும் இதைப் பிடிக்காது. நேர்மையாக நிரப்பினால் 'அடிமைமுறை: இல்லை' என்றுதான் வரும். இந்த மாதிரி விவாதத்தைக் களஞ்சியப் பொறுப்பாளர் தீர்க்க வேண்டியதில்லை. ஆசிரியர்களும் வரலாற்று மாணவர்களும் பேசித் தீராத ஒன்று அது. மூலநிரல் திறந்திருக்கிறது, விட்டதைச் சேர்த்து வேறொரு பதிப்பு யாரும் செய்யலாம்.

எஞ்சினையும் தரவையும் பிரித்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். ஜெர்மனியில் டூம் என்ற சுடும் விளையாட்டு 1994 முதல் 2011 வரை சிறாருக்கு ஊறு தரும் ஆக்கங்களின் பட்டியலில் இருந்தது. அதன் மூலநிரல் 1997 டிசம்பரில் வெளியாகி 1999இல் ஜிபிஎல்லுக்கு மாறியது. நிரலில் அரக்கர்களின் படமும் இல்லை, ரத்தமும் இல்லை. அவை தரவுக் கோப்பில் இருந்தன, அந்தக் கோப்பு கட்டற்றதும் அல்ல. ஃப்ரீடூம் திட்டம் தன் சொந்தப் படங்களையும் ஒலிகளையும் வைத்து அந்த இடத்தை நிரப்புகிறது. ஒரு விளையாட்டின் பெயர் கெட்டிருக்கிறது என்பதற்காக அதன் எஞ்சினைப் பேக்கேஜ் செய்பவரைக் கூண்டில் ஏற்றாதீர்கள். அதே ஜெர்மனியில் நாஜிச் சின்னங்கள் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின் கீழ் வருவதால் அவை உள்ள விளையாட்டுகள் நீண்டகாலம் தரமுத்திரை பெறவே முடியாமலிருந்தன. 2018 ஆகஸ்டில் அங்குள்ள தரமுத்திரை அமைப்பு, கலை, வரலாறு போன்ற சூழலை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்கத் தொடங்கியது. சட்டமும் நகரும். எனவே சட்டக் காரணத்துக்காக மறுத்தால் எந்த நாட்டின் எந்தப் பிரிவு, எந்தத் தேதியில் என்று எழுதி வையுங்கள்.

சட்டம் என்றதும் மிரர் சர்வர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்கள் களஞ்சியத்தைப் பல்கலைக்கழகங்களும் தன்னார்வலர்களும் பல நாடுகளில் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். சிக்கல் வந்தால் காவலர் வந்து நிற்பது அவர்கள் வாசலில்தான். 'விளையாட்டுகள்' என்ற பிரிவுப் பெயர் வெறும் குறிப்பு. மிரருக்கு அது தெரியாது. மிரர் பார்ப்பது களஞ்சியத்தின் பெரும் பகுதிகளையும் அடைவுகளையும்தான். ஒரு மிரர் தனக்கு வேண்டாததை விட்டுவிட வேண்டுமென்றால் அது தனி அடைவில், தனிப் பட்டியலோடு இருக்க வேண்டும். ஒரு பேக்கேஜை மட்டும் நகலெடுப்பில் தவிர்த்தால், பட்டியலில் பெயர் இருந்தும் கோப்பு இல்லாமல் நிறுவுபவருக்குப் பிழை வரும். பலரும் தொடத் தயங்கும் விளையாட்டுகள் நான்கைந்து சேர்ந்துவிட்டால், விருப்பப்பட்டவர் தாமே சேர்த்துக்கொள்ளும் தனிக் களஞ்சியம் திறப்பது பஞ்சாயத்தைவிட மலிவு.

பிரித்து வைப்பது புதிதும் அல்ல. 'ஃபார்ச்சூன்' நிரலை நினைவிருக்கும்; டெர்மினலில் ஒரு பொன்மொழியையோ நகைச்சுவையையோ சொல்லும். புண்படுத்தக்கூடியவை என்று கருதப்பட்டவை தனிக் கோப்புகளில் இருந்தன. தனி விருப்பத்தைத் தட்டினால்தான் வரும். டெபியனில் அவை தனிப் பேக்கேஜாக இருந்தன. அந்தக் கோப்புகளில் ஒவ்வோர் எழுத்தையும் ஆங்கில அகரவரிசையில் 13 இடம் தள்ளி எழுதியிருந்தார்கள், வேறு எதையோ தேடும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று. கெட்டிக்காரத்தனமான மரியாதை. 2022இல் இந்தப் பேக்கேஜ் அடுத்த வெளியீட்டுக்குத் தேவைதானா என்ற கேள்வி டெபியனில் எழுந்தபோது, அது வழுப்பதிவில் அந்தப் பெயரிலேயே, உள்ளடக்கத்தைப் பற்றிய கேள்வியாகவே கேட்கப்பட்டது. விடை எதுவானாலும் கேட்ட முறை சரி.

முத்திரைகளுக்கு வருவோம். மென்பொருள் கடைகள் படிக்கும் ஆப்ஸ்ட்ரீம் விவரக் கோப்பில் ஓஏஆர்எஸ் என்ற திறந்த வயதுத் தர அட்டவணையை எழுதும் இடம் உண்டு. வன்முறை, பாலியல், போதை, மொழி, சமூகத் தொடர்பு, பணம் என்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் பல உட்பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் இல்லை, லேசானது, மிதமானது, கடுமையானது என்ற நான்கு அளவுகள். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. இந்தப் பகுதியே கோப்பில் இல்லையென்றால் 'தெரியாது' என்று பொருள். பகுதியை எழுதி உள்ளே வெறுமையாக விட்டால் 'எல்லாமே இல்லை' என்று பொருள். சரிபார்ப்புக் கருவி பகுதி இல்லையே என்று கேட்டதும், அவசரத்தில் வெறும் பகுதியை ஒட்டிக் கருவியின் வாயை அடைத்துவிடுகிறார்கள். அப்படி ரத்தம் தெறிக்கும் விளையாட்டு குழந்தைக்கும் ஏற்றதாகிவிடுகிறது. பெற்றோர் கட்டுப்பாட்டு நிரலும் அதை நம்பி வழிவிடுகிறது. பரிசீலனையின்போது வெறும் பகுதியைக் கண்டால் அதை நிரப்பாத படிவமாகவே எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புங்கள். (அட்டவணையும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. அதன் 1.1 பதிப்பில் அடிமைமுறை, விபசாரம் ஆகியவற்றோடு ஒருபாலீர்ப்பும் ஓர் உட்பிரிவாகச் சேர்ந்தது. இரண்டு ஆண்கள் கைகோத்து நிற்பதை அளந்து பதிவதே ஒரு தீர்ப்புத்தான் என்று நினைப்பவர்களில் நாங்களும் உண்டு.)

ஒரே முத்திரையைவிடப் பல அளவுகள் நல்லது என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்கான கட்டற்ற செயலிக் களஞ்சியமான எஃப்-ட்ராய்டில் பொது இடத்தில் திறக்க ஏற்றதல்ல என்று சொல்லும் ஒற்றைக் குறி உள்ளது. எச்சரிக்கைக்கு அது போதும். ஆனால் ஒற்றைக் குறி எப்போதும் ஒரு தயார்நிலை நீக்கல் பட்டியல். 2025 ஜூலையில் பணப் பரிமாற்ற நிறுவனங்களின் நெருக்கடியால் இட்ச்.ஐஓ என்ற விளையாட்டு விற்பனைத் தளம் வயதுவந்தோர் உள்ளடக்கம் என்று குறியிடப்பட்டவை அனைத்தையும் ஒரே வீச்சில் தேடலிலிருந்து மறைத்தது. நேர்மையாகக் குறியிட்டவர்கள் மாட்டினார்கள், குறியிடாதவர்கள் தப்பினார்கள். கட்டற்ற களஞ்சியத்துக்குப் பணப் பரிமாற்ற நிறுவனம் இல்லை என்றாலும், சர்வர் தருபவர் இருக்கிறார், நன்கொடையாளர் இருக்கிறார். அவர்கள் ஒருநாள் கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பீர்கள் என்பது நீங்கள் இன்று குறியிடும் விதத்திலேயே இருக்கிறது.

முத்திரை இட்டும் வீணாகும் இடம் திரைப்பிடிப்பு. மென்பொருள் கடைச் சாளரம் விவரத்தைப் படிக்கும் முன்பே முதல் படத்தைப் பெரிதாகக் காட்டிவிடும். எனவே இயல்பாகக் காட்டவேண்டிய படம் எது என்று விவரக் கோப்பில் குறித்து, அது தலைப்புத் திரையாகவோ அமைதியான காட்சியாகவோ இருக்கும்படி பாருங்கள். எச்சரிக்கையை நீண்ட விவரத்தின் கடைசிப் பத்தியில் வைத்துப் பயனில்லை. தேடலில் தெரிவது 80 எழுத்துக்குள் அடங்கும் ஒருவரிச் சுருக்கம் மட்டும்தான். "ஒரு வேடிக்கையான சுடும் விளையாட்டு" என்பதற்குப் பதில் "ரத்தக் காட்சிகள் மிகுந்த சுடும் விளையாட்டு" என்றால் முடிந்தது.

மாணவர்களுக்கான தொகுப்புகள் தனி. அங்கே தனிப் பேக்கேஜை யாரும் தேர்வதில்லை. 'உத்தி விளையாட்டுகள்' போன்ற ஒரு கூட்டுப் பேக்கேஜை நிறுவினால் பரிந்துரைகளாக முப்பது கூடவே வந்து விழும். சர்ச்சையான ஒன்றைச் சேர்க்கும்போது எந்தக் கூட்டுப் பேக்கேஜ் அதை இழுக்கிறது என்று பார்த்து, பரிந்துரையிலிருந்து 'யோசனை' நிலைக்கு இறக்குங்கள். இயல்பாக நிறுவப்படாது, தேடினால் கிடைக்கும். நாங்கள் பார்த்தவரை முக்கால்வாசிச் சண்டை இந்த ஒரு மாற்றத்திலேயே தீரக்கூடியது.

இவை எதனாலும் தீராத வகையும் உண்டு. குழந்தைகளைப் பாலியல் பொருளாக்கும் எதற்கும் விவாதமோ வாக்கெடுப்போ கிடையாது. அங்கே செய்யக் கூடாத ஒன்றை மட்டும் சொல்கிறோம்: ஆதாரம் என்று படத்தை வழுப்பதிவில் இணைக்காதீர்கள், பரிசீலனைக்கென்று நகல் வைத்துக்கொள்ளாதீர்கள். வழுப்பதிவும் பொதுவில் இருப்பது, அதையும் நகலெடுப்பவர்கள் இருக்கிறார்கள். கோப்பின் பாதையை எழுத்தில் குறித்துப் பொறுப்பாளருக்குத் தனியாக அனுப்புங்கள். உயிரோடு இருக்கும் ஒரு தனிமனிதரின் முகத்தையோ முகவரியையோ இலக்காக வைக்கும் விளையாட்டும் இதே பக்கம்தான். அதிகாரத்தில் இருப்பவரைக் கேலி செய்வது வேறு. பெயர் தெரியாத ஒருவரை ஊரார் சேர்ந்து துரத்த வழி செய்வது வேறு.

ஏற்கெனவே உள்ளே இருப்பதை நீக்குவது, புதியதை மறுப்பதைவிடக் கடினம். 'நீக்கியாயிற்று' என்று நினைக்கும்போது உண்மையில் நடந்திருப்பது குறைவு. டெபியனில் வளர்நிலைக் கிளையிலிருந்து நீக்கினாலும் நிலைத்த வெளியீட்டில் அது இருக்கும். அங்கிருந்தும் எடுக்க அடுத்த இடைவெளியீடு வரை காத்திருக்க வேண்டும். பழைய பதிப்புகளின் காப்பகம் 2005 முதலானவற்றை வைத்திருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், பயனரின் கணினியில் ஏற்கெனவே நிறுவியது அப்படியே இருக்கும், ஆனால் இனி அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. டோப்வார்ஸ் இணையத்தில் பலர் சேர்ந்து ஆடக்கூடியது. 2009இல் அதன் சர்வரைத் தொலைவிலிருந்து முடக்கக்கூடிய வழு ஒன்று வெளிவந்தது. அந்த வேளையில் அது களஞ்சியத்தில் இல்லாமல் போயிருந்தால், ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் ஓட்டையோடேயே ஓடியிருக்கும். எனவே நீக்கும் முன் எதெல்லாம் அதைச் சார்ந்திருக்கிறது என்று சோதனை ஓட்டத்தில் பாருங்கள். நீக்கும் கோரிக்கையை யார் வைத்தார் என்பதைச் சரியாகக் குறியுங்கள். பராமரிப்பாளரே கேட்டதற்கும் தர மேற்பார்வைக் குழு கேட்டதற்கும் டெபியனில் தனித்தனிச் சுருக்கக் குறிகள் இருப்பது இதற்காகத்தான். ஃப்ளாட்பேக் என்ற பேக்கேஜ் முறையில் 'காலாவதி' என்று குறித்தால் பயனருக்கு ஒரு செய்தி போகும். அந்த ஒரு வரியில் உண்மையான காரணத்தை எழுதுங்கள்.

யார் முடிவெடுப்பது என்பதில் எங்கள் யோசனை எளியது. மூன்று பேர். ஒருவர் விளையாட்டைக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆடியிருக்க வேண்டும், எத்தனையாவது நிமிடத்தில், எந்த நிலையில் அந்தக் காட்சி வருகிறது என்று எழுதித் தர வேண்டும். ஒருவர் அந்தப் பேக்கேஜின் பராமரிப்பாளராக இருக்கக் கூடாது. ஒருவர் வாதத்தில் அதுவரை வாய் திறக்காதவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைப்பதுதான் சிரமம். பதினான்கு நாள் அவகாசம். முடிவு பதிப்பு எண்ணோடு இருக்கட்டும், புதிய பதிப்பில் அந்தக் கோப்பு மாறினால் மறுபடி பார்க்கலாம். முடிவை அறிவித்த பிறகு ஒருவர் தனியாக மாற்றக் கூடாது. 2007இல் ஸ்லாம்டான்ஸ் திரைப்பட விழாவின் விளையாட்டுப் போட்டியில் இறுதிச் சுற்றுக்குத் தேர்வான 'சூப்பர் கொலம்பைன் மாசக்கர் ஆர்பிஜி'யை விழா நிர்வாகம் பிறகு விலக்கியது. பள்ளிப் படுகொலை பற்றிய அந்த விளையாட்டில் குறை கண்டவர் உட்படப் படைப்பாளிகள் பலர், தேர்வுக்குப் பின் கவிழ்த்த முறையை ஏற்காமல் தங்கள் ஆக்கங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இந்த மடலோடு சேர்த்து ஒரு வேலையையும் முன்வைக்கிறோம். உங்கள் களஞ்சியத்தில் இன்று 'உரிமச் சிக்கல்' என்று கிடப்பில் இருக்கும் விளையாட்டுகளை ஒருமுறை திறந்து, உரிமக் கோப்பை மறுபடி படியுங்கள். சிக்கல் அங்கே இல்லையென்றால் பதிவின் தலைப்பை மாற்றுங்கள். அனுப்பியவர்களில் சிலர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
விளையாட்டுப் பேக்கேஜ்களைப் பராமரிப்போரும் பரிசோதிப்போரும்